புனலூரில் ஓர் ஆழ்மனச் சிகிச்சை அறை: ஓசிடி உள்ள மருந்துக்கடைக்காரரின் விமர்சனம்

ஓசிடி என்பது, வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். ஆழ்மனச் சிகிச்சை என்பது, மனதின் அடியில் புதைந்து கிடப்பதைப் பேசி வெளிக்கொணரும் முறை. ஓசிடி உள்ளவர்கள் ஆழ்மனச் சிகிச்சைக்குப் போகலாமா? போகலாம். ஆனால் மாத்திரையையும் நடத்தைப் பயிற்சியையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. புனலூரில் நான் போய்வரும் சிகிச்சை அறையை மனதாரப் பரிந்துரைக்கிறேன். அதை நடத்தும் அம்மையார் மேலே சொன்ன இதே பதிலை முதல் சந்திப்பிலேயே எனக்குச் சொல்லிவிட்டார் என்பதுதான் அதற்கு முதல் காரணம். கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மலையாள வழக்கப்படி எல்லோரும் 'டீச்சர்' என்றே அழைக்கிறார்கள். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. கல்லடையாற்றின் மேல் 1877இல் கட்டிய தொங்குபாலத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். அந்தப் பக்கம் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள்.

எனக்குச் செங்கோட்டையில் மருந்துக்கடை. அப்பா தொடங்கிய கடை. அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். ஓசிடி என்றதும் கையைக் கழுவிக்கொண்டே இருப்பவர்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். என்னுடையது வேறு வகை. மருந்தை மாற்றிக் கொடுத்து யாரையோ கொன்றுவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு வரும். தெருக்கோடிப் பெரியவர் ஒருவர் மாதாமாதம் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் வாங்குவார். அட்டையைக் கொடுத்து, பில் போட்டு, சில்லறையும் எண்ணிக் கொடுத்திருப்பேன். அவர் படியிறங்கியதும் உள்ளே ஆரம்பித்துவிடும்: அது அம்லோடிபின்தானா, பக்கத்து வரிசையில் இருந்த கிளிமிபிரைட்டா? சர்க்கரை இல்லாத மனிதர் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டால் தூக்கத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கி உயிர் போய்விடலாம். இது எங்கள் தொழிலில் உள்ள உண்மையான ஆபத்து. அதனால்தான் அந்த எண்ணத்தை அசட்டுத்தனம் என்று தள்ள முடியவில்லை. மெத்தோட்ரெக்சேட் எழுதிய சீட்டு வந்தால் அன்றைய பொழுது போயிற்று. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையே கெட்டுவிடும்.

உடனே அலமாரியில் மீதமுள்ள அட்டைகளை எண்ணிப் பில்லோடு ஒத்துப் பார்ப்பேன். ஒத்துப்போகும். எண்ணியது சரிதானா என்று மறுபடி எண்ணுவேன். ஷட்டரை இறக்கிய பிறகு கேமராப் பதிவை ஓட்டி, என் விரல்கள் எந்த வரிசையைத் தொட்டன என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். அப்படியும் அடங்காவிட்டால், மீதிச் சில்லறை கொடுக்க மறந்துவிட்டேன் என்ற சாக்கில் அந்த வீட்டுக்கே போய் நிற்பேன். "அண்ணாச்சி இவ்வளவு நாணயமான மனிதர்" என்று அந்த வீட்டார் பாராட்டுவார்கள். பார்த்துவிட்டுத் திரும்பினால் கிடைக்கும் நிம்மதி வீடு வந்து சேர்வதற்குள் கரைந்துவிடும்.

புனலூருக்கு முன்னால் வேறோர் இடத்துக்குப் போனேன். ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. வாசலில் 'ஆழ்மனத்தின் வேரைப் பிடுங்குவோம், மாத்திரை வேண்டாம்' என்று பலகை வைத்திருந்தார்கள். முன்பணமாக ஒரு பெருந்தொகை கேட்டார்கள். முதல் சந்திப்பிலேயே அந்த ஆலோசகர் என்னிடம், "உங்கள் ஆழ்மனத்தில் கொல்ல வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, அதைத்தான் அடக்கிவைத்திருக்கிறீர்கள்" என்றார். ஓசிடி உள்ளவரிடம் இதைச் சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை. இந்த நோயின் உயிர்நாடியே சந்தேகம். நான் கெட்டவனோ என்று இரவும் பகலும் தன்னையே விசாரணை செய்துகொண்டிருப்பவரிடம், படித்தவர் ஒருவர் வந்து ஆமாம் என்று தீர்ப்பு எழுதினால் அவர் எங்கே போவார்? பிறகு மாத்திரையை மறுநாளே நிறுத்தச் சொன்னார். நான் சாப்பிடுவது ஓசிடிக்கான ஃபுளூவாக்சமைன் என்ற மாத்திரை. அந்த வகை மருந்துகளை நாள்பட்டுச் சாப்பிடுகிறவர் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று வந்து சேரும், நோயும் திரும்பும். மருந்து விற்கிற எனக்கு அது தெரியும். எழுந்து வந்துவிட்டேன். தெரியாத எத்தனை பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

வைத்தியத்துக்கு மலை தாண்டிப் போவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். பழைய தலைமுறைக்குக் கொல்லமும் புனலூரும் வெளியூரே அல்ல. புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அகலப் பாதை வேலை முடிந்து 2018இல் ரயிலும் வந்துவிட்டது. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து, சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து போகும் அந்தப் பயணமே மனதைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறது. உள்ளூரில் பார்த்தால் நாளைக்கே கடைவீதி முழுக்கப் பேச்சாகிவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கும் மலைக்கு அந்தப்புறம் இருப்பது வசதி.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாடியில் இருக்கிறது. இரண்டு பிரம்பு நாற்காலிகள் எதிரெதிராக இல்லாமல் சற்றே சாய்வாகப் போட்டிருக்கின்றன. படங்களில் காட்டுகிற சாய்வுக் கட்டில் இல்லை. டீச்சர் பாளையங்கோட்டையில் படித்தவர், தமிழ் சரளமாக வருகிறது. கோபம், அழுகை என்று வந்தால் மட்டும் மலையாளத்துக்கு மாறிவிடுகிறார். எல்லைக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கட்டணம் ஒரு சந்திப்புக்கு 1,000 ரூபாய். ஐம்பது நிமிடம். முன்பணம் கிடையாது.

இனி சிகிச்சை. முதலில் அவர் எனக்குச் சொன்னது ஒரு பழைய நோயாளியின் கதை. 1907 அக்டோபரில் வியன்னாவில் இளம் வழக்கறிஞர் ஒருவர், உளப்பகுப்பாய்வு என்ற ஆழ்மனச் சிகிச்சையைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்டைத் தேடி வந்தார். உளவியல் படித்தவர்கள் அவரை 'எலி மனிதன்' என்பார்கள். தான் நேசிக்கும் பெண்ணுக்கும் தன் தந்தைக்கும் பயங்கரமான தீங்கு நேரும் என்ற எண்ணம் அவரை விடாமல் துரத்தியது. இத்தனைக்கும் அந்தத் தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருநாள் சாலையில் கிடந்த கல்லில் அவர் கால் இடறுகிறது. அந்தப் பெண்ணின் வண்டி இந்த வழியாகத்தான் வரும், கல்லில் மோதி அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று கல்லை ஓரமாகப் போடுகிறார். சற்று நேரத்தில் இது என்ன மடமை என்று தோன்றுகிறது. திரும்பிப்போய்க் கல்லைப் பழைய இடத்திலேயே வைக்கிறார்!

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன்னால், கண்காணாத தேசத்தில், என்னைப் போலவே ஒருவர் நடுத்தெருவில் நின்றிருக்கிறார். கல்லை எடுத்தது அன்பு, திரும்ப வைத்தது அந்த அன்புக்கு அடியில் கிடந்த கோபம் என்று ஃபிராய்டு 1909இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். ஒரே ஆள்மீது அன்பும் கோபமும் சம பலத்தில் இருந்து, கோபத்தை ஒப்புக்கொள்ள மனம் மறுக்கும்போது, அது தீங்கு நேரும் என்ற அச்சமாக வேடம் மாறி வருகிறது. நினைத்தாலே நடந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த அச்சத்துக்கு வலுவேற்றுகிறது. அவர் பார்வையின் சாரம் இதுதான். டீச்சர் அதோடு விடவில்லை. அந்த நோயாளி குணமடைந்ததாக ஃபிராய்டு எழுதியதையும், பிறகு அவர் முதல் உலகப்போரில் இறந்துபோனதால் நெடுநாள் பலன் என்னவென்று யாராலும் பார்க்க முடியாமல் போனதையும் சேர்த்தே சொன்னார். தன் சரக்கின் குறையைத் தானே எடுத்துச் சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

அதன்பின் பல வாரங்கள் அவர் அதிகம் பேசவில்லை, கேட்டார். நான் யார் யாருக்கெல்லாம் மருந்து மாற்றிக் கொடுத்ததாக அஞ்சினேனோ அவர்களைப் பற்றியெல்லாம் சொல்லச் சொன்னார். தெருக்கோடிப் பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், மேலூர் மாடிவீட்டுத் தாத்தா, பஸ் நிலையத்தில் வெற்றிலைக்கடை வைத்திருப்பவர் என்று சொல்லிக்கொண்டே போனேன். டீச்சர் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "உங்கள் கடைக்குப் பெண்கள் வருவதில்லையா? குழந்தைகளுக்கு மருந்து வாங்குவதில்லையா?" வருகிறார்கள், வாங்குகிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தை அளவு தவறிக் கொடுத்தால் அதைவிடப் பெரிய ஆபத்து. ஆனால் ஒரு குழந்தையைப் பற்றியோ ஒரு பெண்ணைப் பற்றியோ அந்த அச்சம் எனக்கு வந்ததே இல்லை. எல்லோரும் வயதான ஆண்கள். இத்தனை காலமாக என் மனதுக்குள் இருந்த ஒன்று, எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. மனநல மருத்துவரின் கேள்வித்தாளில் இதற்கு இடமில்லை. அங்கே எவ்வளவு நேரம் சரிபார்க்கிறீர்கள், எவ்வளவு துன்பம் என்றுதான் கேட்பார்கள். அதுவும் தேவையான கேள்விதான். ஆனால் யாரை நினைத்து என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. மேற்படிப்புக்குச் சென்னையில் இடம் கிடைத்திருந்த சமயத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நான் திரும்பி வந்து கடையில் உட்கார்ந்தேன். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, நான் ஒவ்வோர் அட்டையை எடுக்கும்போதும் "சரியாகப் பார்த்தாயா?" என்பார். அவருடைய மாத்திரைகளைப் பிரித்துக் கொடுப்பதும் நான்தான். ஓர் இரவு, உள்ளங்கையில் மாத்திரைகளோடு அவர் கட்டிலருகே நிற்கும்போது, இவர் போய்ச் சேர்ந்தால் நான் சென்னைக்குப் போகலாம் என்று ஒரு நினைப்பு மின்னி மறைந்தது. சரியான மாத்திரைகளைத்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்து, இயற்கையாகவே காலமானார். அந்த நினைப்பை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இதைக் கேட்டுவிட்டு டீச்சர் என்ன சொல்லப் போகிறார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். "நோயாளியைக் கவனித்துக் களைத்த பிள்ளைகளுக்கு வருகிற நினைப்புதான் இது. நினைத்தது நீங்கள், மருந்தைச் சரியாகக் கொடுத்ததும் நீங்கள். இரண்டும் ஒரே ஆள்தான்" என்றார். முந்தைய ஆலோசகரும் கோபத்தைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அவர் அதைக் குற்றச்சாட்டாக என் தலையில் வைத்தார். டீச்சரோ, கோபத்துக்கும் கொலைக்கும் நடுவில் எத்தனை பெரிய மலை இருக்கிறது என்று காட்டினார். நாம் நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்வதற்காக ஒதுக்கித் தள்ளிய குணங்களெல்லாம் நிழலாகப் பின்தொடரும் என்று, ஃபிராய்டோடு இருந்து பிறகு தனி வழி கண்ட உளவியலாளர் கார்ல் யுங் சொன்னதை இங்கேதான் அவர் கொண்டுவந்தார். யுங் வழியில் வேறொரு பயிற்சியும் உண்டு. எனக்குள் சரிபார்க்கச் சொல்லும் அந்த ஆளை ஓர் உருவமாகக் கற்பனை செய்து, அவனோடு உரையாடி எழுத வேண்டும். நான் எழுதினேன். "நீ ஓடிப்போகாமல் இருக்கத்தான் உன்னைக் கடையிலேயே கட்டிவைத்திருக்கிறேன்" என்று அவன் பதில் சொன்னான். என் பேனாவிலிருந்து வந்ததுதான், ஆனால் நான் யோசித்து எழுதியது இல்லை.

(யுங்கைப் பற்றி எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு செய்தி. அவர் 1938இல் திருவனந்தபுரத்துக்கு வந்திருக்கிறார். அங்கே ரமண மகரிஷியின் சீடர் ஒருவரைச் சந்தித்து, எளிமையான அந்த மனிதரைப் பற்றிப் பிற்பாடு மதிப்போடு எழுதினார். திருவண்ணாமலைக்கு மட்டும் அவர் போகவில்லை.)

இவ்வளவும் நடந்த பிறகு நோய் போய்விட்டதா என்றால், இல்லை. இதைத்தான் நான் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். அப்பாவின் கதை வெளியே வந்த மறுவாரமும் நான் அட்டைகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். போதாததற்குப் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. சிறுவயதில் வேறென்ன கோபம் இருந்தது, இன்னும் எதை மறைத்திருக்கிறேன் என்று இரவெல்லாம் மனதைத் தோண்ட ஆரம்பித்தேன். டீச்சர் அதை உடனே கண்டுகொண்டார். "இதுவும் கேமராப் பதிவை ஓட்டிப் பார்ப்பதுதான். வீட்டில் தோண்டாதீர்கள். தோண்டுவதானால் இங்கே, ஐம்பது நிமிடம் மட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கனவுகளை எழுதும் குறிப்பேட்டையும் சில காலம் நிறுத்திவைத்தார். ஆழ்மனச் சிகிச்சை ஓசிடிக்காரர்களுக்கு எங்கே குழி பறிக்கும் என்று தெரிந்த ஒருவரிடம் மட்டுமே போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எண்ணுவதை நிறுத்தியது வேறொரு சிகிச்சை. தொடக்கத்தில் நான் சொன்ன நடத்தைப் பயிற்சிதான் அது. அச்சத்தை நேருக்கு நேர் சந்தித்து, ஆனால் எண்ணுவது, சரிபார்ப்பது போன்ற வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி, ஈஆர்பி என்பார்கள். லண்டனில் விக்டர் மேயர் 1966இல் இதன் முதல் வடிவத்தை எழுதினார். இன்றுவரை ஓசிடிக்கு ஆதாரம் மிக வலுவாக இருக்கும் பேச்சுவழிச் சிகிச்சை இதுதான். உளப்பகுப்பாய்வு ஓசிடியைக் குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று மருத்துவச் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2005 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. என்னை ஈஆர்பிக்கு அனுப்பியவர் டீச்சர்தான். தென்காசிப் பக்கம் நான் பார்க்கும் மனநல மருத்துவரோடு கலந்துபேசி ஏற்பாடு செய்தார். அந்தப் பயிற்சியில் முதலில் ஒரு கோடு போட்டோம். மருந்தாளுநர் என்ற முறையில் நான் பார்த்தே ஆக வேண்டியவை மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி. ஒருமுறை, வாய்விட்டு, வாங்குபவர் முன்னாலேயே படிக்க வேண்டும். அது தொழில். அதற்குமேல் ஒருமுறை பார்த்தாலும் நோய். படித்து, கொடுத்து, அவர் படியிறங்கும்போது எழும் நெஞ்சுப் படபடப்போடு அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணக் கூடாது, கேமராவைத் தொடக் கூடாது, "சரியாகத்தானே கொடுத்தேன்?" என்று மனைவியிடம் கேட்கவும் கூடாது. ஒருவேளை தவறாகவும் கொடுத்திருக்கலாம், எனக்கு உறுதியாகத் தெரியப் போவதில்லை என்ற நிலையிலேயே இருக்கப் பழக வேண்டும். முதல் மாதம் நரகம். பிறகு படபடப்பு தானாகவே ஏறித் தானாகவே இறங்குவதை உடம்பு கற்றுக்கொண்டது.

மருந்தின் பங்கையும் மறைக்கக் கூடாது. ஓசிடிக்கு இந்த வகை மாத்திரைகள் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவில் தேவைப்படும். பலன் தெரிய 12 வாரம்வரை ஆகலாம். பாதியிலேயே கேட்கவில்லை என்று நிறுத்துகிறவர்களை என் கடையிலேயே பார்க்கிறேன். நோயின் கடுமையை 40க்கு அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் நான் 28இல் இருந்தேன். அது கடுமையான நிலை. இப்போது 13, லேசான நிலை.

அப்படியானால் டீச்சர் எதற்கு? ஈஆர்பியை அதற்கு முன்பும் ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார்கள். என்னால் தொடங்கவே முடியவில்லை. அடிமனதில் நான் கொலைகாரன் என்று நம்பியிருந்தவன், எப்படிச் சரிபார்க்காமல் உட்கார்ந்திருக்க முடியும்? சரிபார்ப்பதுதான் எனக்கும் கொலைக்கும் நடுவில் இருந்த ஒரே வேலி என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு தளர்ந்த பிறகுதான் வேலியைத் தாண்டும் துணிவு வந்தது. என் விஷயத்தில் ஆழ்மனச் சிகிச்சை செய்த வேலை அதுதான். அதை வேறு எதுவும் செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு பலனும் உண்டு: அப்பாவின் படத்துக்கு மாலை போடும்போது இப்போது வணங்கவும் முடிகிறது, கோபப்படவும் முடிகிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். தொலைபேசியில் பெரும்பாலும் கிடைக்க மாட்டார், செய்திக்குப் பதில் மாலையில்தான். விண்ணப்பப் படிவம் மலையாளத்தில் மட்டுமே இருக்கிறது. தமிழர்கள் இத்தனை பேர் வரும் இடத்தில் தமிழிலும் ஒன்று அச்சடிக்கலாம். குடும்பத்தாரை உட்கார வைத்துப் பேசும் வழக்கம் இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஓசிடிக்காரர் கேட்கும்போதெல்லாம் "சரிதான், ஒன்றும் ஆகாது" என்று ஆறுதல் சொல்லியே நோயை வளர்ப்பது வீட்டார்தான். எப்போது பதில் சொல்லக் கூடாது என்று அவர்களுக்கும் யாராவது கற்றுத்தர வேண்டும். என் மனைவிக்கு அதை ஈஆர்பி சொல்லிக்கொடுத்த பெண்தான் விளக்கினார்.

கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது என்று நாள் முழுக்கச் சடங்கிலேயே போகிறவர்கள் நேரே மனநல மருத்துவரிடமும் ஈஆர்பியிடமும் போங்கள். இந்த அறை பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கொன்றுவிடுவேனோ, தகாததைச் செய்துவிடுவேனோ, தெய்வத்தை நிந்தித்துவிட்டேனோ என்ற வகை எண்ணங்களால், யாரிடமும் வாய் திறக்க முடியாமல், சிகிச்சையையே தொடங்க முடியாமல் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த இடத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

எங்கே போனாலும் சிகிச்சையாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர்தானா என்று கேளுங்கள். டீச்சர் கேட்காமலேயே சான்றிதழைக் காட்டினார். போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், முதல் சந்திப்பிலேயே பார்ப்பார். சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம். வார நாட்களில் பிற்பகல் நேரம் எளிதாகக் கிடைக்கிறது.